பிளஸ் டூவுக்கு முந்தைய கோடை: வரையும் பிள்ளைகளுக்கு

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் பிளஸ் ஒன் முடித்து, ஓவியமோ டிசைனோ படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். பிளஸ் டூ தொடங்கிவிட்டால் டெஸ்ட், டியூஷன், ரிவிஷன் என்று நாள் ஓடிவிடும். டிசம்பர் வாக்கில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்ஐடி) முதல்நிலைத் தேர்வு, ஜனவரியில் ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் டிசைன் நுழைவுத் தேர்வு, ரிசல்ட் வந்த பிறகு பெரியமேட்டு அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அந்தக் கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. எங்கே சேர்வதானாலும் கை பழகியிருக்க வேண்டும். அதற்கு மிச்சம் இருப்பது ஏப்ரலும் மேயும்தான்.

1. போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து வரைவதை இந்த இரண்டு மாதம் அறவே நிறுத்துங்கள். நடிகர் முகத்தைக் கட்டம் போட்டு எடுத்து, ஒரு வாரம் ஷேடிங் செய்து கொண்டுவருகிறார்கள். முடி ஒவ்வொன்றும் தெரிகிறது. அதே பிள்ளை முன்னால் ஒரு பித்தளைச் சொம்பை வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. பருமனுள்ள பொருளைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவருவதுதான் வரைபவரின் முதல் வேலை. போட்டோவில் அந்த வேலையை கேமரா முடித்துவிட்டது. மிச்சத்தைச் செய்வதால் கண் பழகாது.

2. ஆகவே சொம்பிலேயே தொடங்குங்கள். ஜன்னல் பக்கம் வையுங்கள், வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வரட்டும். முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரல் நகத்தால் அளவு எடுங்கள். அகலம் உயரத்தில் எத்தனை பங்கு? கழுத்து வயிற்றில் எத்தனை பங்கு? இதைக் குறித்துக்கொண்ட பிறகு நடுவே ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு இருபுறமும் உருவம் சமமாக வர வேண்டும். வாய் நீள்வட்டம். அதன் இரண்டு ஓரத்திலும் கூர்முனை வரக்கூடாது, அங்கேயும் வளைவுதான். கண் மட்டத்தில் இருக்கும் வட்டம் வெறும் கோடாகத் தெரியும், கண்ணுக்குக் கீழே இறங்க இறங்க விரியும். அதனால் அடிப்பக்கத்து வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்கும். மேஜை தட்டையாக இருக்கிறது என்று எண்ணி அடியை நேர்கோடாக இழுப்பவர்கள்தான் அதிகம். அறிந்ததை விட்டுவிட்டுத் தெரிவதை வரையுங்கள். வடிவம் சரியாகும் வரை ஷேடிங் பக்கமே போக வேண்டாம். அதற்குப் பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சம், இடை நிழல், இருட்டு என்று மூன்றாகப் பிரித்தால் போதும்.

3. விலை உயர்ந்த தாள் வேண்டாம். ஒருபக்கம் அச்சான பேப்பர் போதும். 2பி, 4பி பென்சில் இரண்டு. ஷார்ப்னருக்குப் பதில் பிளேடால் சீவுங்கள், முனை நீளமாக வெளியே வரும், படுக்கவைத்தும் தீட்டலாம். ரப்பரை முதல் மாதம் பெட்டியில் வையுங்கள்.

4. அசையாத பொருளோடு நிற்காதீர்கள். ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நூறு விதமாக நிற்கும் மனிதர்களைப் பார்க்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு நிமிஷம். முதலில் எந்தக் காலில் பாரம் என்று பாருங்கள், அந்தப் பக்கம் இடுப்பு உயரும், தோள் பெரும்பாலும் அதே பக்கம் இறங்கும். முகம் வேண்டாம், சட்டைப் பட்டன் வேண்டாம். கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள், சில கோடுகளில் ஒரு மனிதர் முழுதாக நிற்கிறார். யாரையாவது நின்று நிதானமாக வரைவதானால் கேட்டுவிட்டு வரையுங்கள். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வாசல்களில் நோட்டைத் திறக்கவே வேண்டாம்.

5. பெர்ஸ்பெக்டிவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டின் நீளமான ஷெட்டுகள் இருக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில். அங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். நந்தியின் முதுகையும் திமிலையும் உள்ளேயிருந்து ஒருமுறை, முகத்தை வெளியிலிருந்து ஒருமுறை வரையுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள். அக்னி நட்சத்திரத்தில் பத்து மணிக்கு மேல் வெளியே உட்கார்ந்து வரைவது உடம்புக்கு ஆகாது.

6. டிசைன் என்றால் பூவேலை என்று நினைக்காதீர்கள். ஹெர்குலிஸ் சைக்கிள் செய்த ஊர் அம்பத்தூர். ஒரு சைக்கிளைப் பார்க்காமல் நினைவிலிருந்து வரையுங்கள். பெடல் எந்தக் குழாயில் தொங்குகிறது, செயின் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதில் பலர் தவறுவார்கள். பிறகு வாசலில் நிற்கும் சைக்கிளோடு ஒப்பிடுங்கள். ஏன் அப்படி இணைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கும் இடத்தில் டிசைன் தொடங்குகிறது. அடுத்து டிபன் கேரியர்: மூடியது, திறந்தது, மேலிருந்து, பக்கத்திலிருந்து. அதைப் பார்த்தே இராத ஒருவர் உங்கள் படத்தை வைத்துக்கொண்டு செய்துவிட வேண்டும்.

வீட்டில் கோலம் போடுபவர்களிடம் சிக்குக் கோலம் கற்றுக்கொள்ளுங்கள். ஏழு புள்ளிக்குப் போட்டதை ஒன்பதுக்கு விரித்துப் பாருங்கள், ஒழுங்கு எங்கே உடைகிறது என்று தெரியும்.

7. கலருக்கு மூன்று மூலநிறமும் வெள்ளையும் போதும், கறுப்பை வாங்காதீர்கள். நுங்கை உரித்துத் தட்டில் வைத்து வரையுங்கள். வெள்ளை என்று நினைப்போம், ஓரத்தில் இளநீலம் இருக்கும், அடியில் தட்டின் நிறம் ஊடுருவும்.

8. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறையாவது போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர், நம் அரக்கோணம் லைனில் இருக்கும் ஊர்க்காரர். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் அந்தச் சிலையின் போட்டோக்களைப் பார்த்தே மயங்கிக் கட்டுரை எழுதினார். உங்களால் அதை நேரில் சுற்றிவந்து பார்க்க முடியும். தலையிலிருந்து ஊன்றிய பாதத்துக்கு ஒரு கோடு போட்டு, பாரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நேரம் இருந்தால் மெரினாவில் உழைப்பாளர் சிலை. கவின் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் பாறையைத் தள்ளும்போது முதுகும் தொடையும் எப்படி முறுக்குகின்றன என்று வரையுங்கள்.

9. ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். எதையும் கிழிக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கிறுக்குவது வீண்பொழுது இல்லை, அதுதான் படிப்பு. பெரிய தொகை கட்டிக் கோச்சிங்கில் சேர்ப்பதற்கு முன் இந்த இரண்டு மாதம் கொடுத்துப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தத் தாள்களை எல்லாம் கட்டி எடுத்துப்போய், முதலில் உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.