பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாய்ந்த தென்னை: வெட்டினால் யார் பொறுப்பு?

கேள்வி: வீட்டோடு சேர்ந்த விளையில் அப்பா நட்ட பதினைந்து வருஷத் தென்னை ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரைப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. தடியில் ஓட்டை விழுந்து செம்பழுப்பாக நீர் வடிகிறது. “விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு” என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதியே கொடுத்துவிட்டார். நடுவில் மின்கம்பியும் போகிறது. வெட்ட அனுமதி வாங்க வேண்டுமா? வெட்டும்போது ஏதாவது ஆனால் மரம் வெட்டுபவர்தானே பொறுப்பு?

– ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். கூலி பேசி ஆளிடம் ஒப்படைத்துவிட்டதால் மட்டும் உங்கள் பொறுப்பு நீங்கிவிடாது. அடுத்தவர் கூரைமேல் சாய்ந்த மரத்தை இறக்குவது ஆபத்தான வேலை. தக்க முன்னெச்சரிக்கை இல்லாமல் சேதம் நேர்ந்தால், மரத்தின் உரிமையாளரான உங்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்கு வரும். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், அதற்குக் காரணமானவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1)-ன்படி 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு.

பயந்துகொண்டு வெட்டாமல் விடவும் வழியில்லை. நல்ல மரம் புயலில் சாய்ந்தால் இயற்கைச் சீற்றம் என்று வாதாடலாம். பழுதான மரம் என்று எழுத்தில் தெரிந்த பிறகு அந்த வாதம் எடுபடுவது கடினம். பக்கத்து வீட்டுக்காரர் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-ன்கீழ், விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றும்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு உறுதியான பிறகும் நீங்கள் செய்யாவிட்டால், அதிகாரிகளே மரத்தை அகற்றிச் செலவை உங்களிடம் வசூலிக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தாமாக உங்கள் விளைக்குள் வந்து மரத்தை வெட்ட முடியாது. தம் எல்லைக்குள் நீளும் பகுதியை மட்டும், தம் நிலத்தில் நின்றே வெட்டிக்கொள்ளலாம்.

இனி அனுமதி. சொந்தப் பட்டா நிலத்துத் தென்னைக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. உங்கள் கிராமம் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டதா என்று மட்டும் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மரம் சரியாக எல்லையில் நின்றால், பக்கத்து வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம் வேண்டும். எல்லையில் சந்தேகம் இருந்தால் நில அளவையரை வைத்து அளந்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் ஓட்டையும் செம்பழுப்பு நீரும் சிவப்புக் கூன்வண்டின் அடையாளமாக இருக்கலாம். அந்த வண்டின் புழு தடியை உள்ளேயே தின்றுவிடும். வெளியே பார்க்க மரம் திடமாகவே தெரியும். அப்படிப்பட்ட மரத்தில் ஆளை ஏற்றாதீர்கள். கிரேன் அல்லது ஏணி வண்டி வைத்து, முதலில் மட்டையையும் குலையையும் கழித்து, பிறகு தடியை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து வடம் கட்டி இறக்கச் சொல்லுங்கள். அடியோடு வெட்டிச் சாய்க்க அங்கே இடமில்லை. காற்றடிக்கும் நாளில் வேலையைத் தொடங்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை:

1. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியதை ஊழியர் நேரில் உறுதி செய்யாமல் அரிவாள் எடுக்கக் கூடாது.

2. மரத்தையும் பக்கத்து வீட்டுக் கூரை, சுவரையும் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள்.

3. வேலை முறை, கூலி, பாதுகாப்புக் கருவி, சேதமானால் யார் ஈடு செய்வது என்பதை எழுதி, வேலை எடுப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நஷ்டஈட்டை நீங்கள் கட்ட நேர்ந்தாலும், அவரிடம் திரும்பக் கேட்க இந்த ஒப்பந்தம் உதவும்.

4. பக்கத்து வீட்டுக்காரரின் கடிதத்துக்குப் பதில் எழுதி, ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வெட்டும் தேதியைக் குறிப்பிட்டு, அன்று எல்லாரும் வீட்டைவிட்டு வெளியே இருக்கக் கேளுங்கள்.

இந்த நான்கில் கடைசியை நாளையே செய்யுங்கள். மரம் இறங்கும்வரை அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.