மார்கழி வானில் அகத்தியர்

மார்கழியின் அதிகாலைக்கு உரிய சிறப்பை அனைவரும் அறிவோம். அம்மாதத்தின் இரவு வானமும் சாதகனுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள ஊர் உதியன்குளங்கரை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி இது. இதற்கு வடகிழக்கே 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் நிற்கிறது. அங்கே பிறக்கும் நெய்யாறு இப்பகுதியை வளப்படுத்துகிறது. மலைக்குப் பெயர் தந்த அதே முனிவர் வானில் நட்சத்திரமாகவும் போற்றப்படுகிறார். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் அகத்தியரின் உதயத்திற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மேலைநாட்டார் இதனைக் கனோபஸ் என்பர்.

இதனைக் காண்பது எப்படி? மங்கலாகத் தெரியும் அருந்ததியைக் காட்ட விரும்புபவர், முதலில் அதன் அருகிலுள்ள பெரிய நட்சத்திரத்தைக் காட்டுவார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லும் இம்முறையை வேதாந்திகள் ‘அருந்ததி நியாயம்’ என்பர். அதனையே நாமும் பின்பற்றுவோம்.

மார்கழியின் பிற்பகுதியில், நிலவற்ற இரவில், பத்து மணியளவில் விளக்கொளி படாத வெட்டவெளிக்குச் செல்லுங்கள். கண்கள் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது காத்திருங்கள். கிழக்கு வானில் உயரே செந்நிறத் திருவாதிரை தெரியும். அதன் அருகே ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அவ்வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால், இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமாகிய லுப்தகனை, அதாவது சிரியஸை அடைவீர்கள். அங்கிருந்து தெற்கே, நீட்டிய கையின் முஷ்டியால் மூன்றரை முஷ்டி தூரத்தில் தாழ்வாக ஒளிர்பவரே அகத்தியர்.

நள்ளிரவை ஒட்டி அவர் உச்சத்தை அடையும்போது உதியன்குளங்கரையில் சுமார் 29 பாகை உயரத்தில் காட்சி தருவார். டெல்லி அன்பர்களுக்கோ ஒன்பது பாகைக்கும் குறைவுதான். நட்சத்திரம் ஒன்றே, நிற்கும் இடத்திற்கேற்பக் காட்சி மாறுகிறது.

இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லுப்தகன் அகத்தியரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு பிரகாசமாகத் தோன்றுகிறான். உண்மை வேறு. லுப்தகனின் ஒளி சூரியனைப் போல் சுமார் 25 மடங்கு. அகத்தியரின் ஒளியோ பத்தாயிரம் மடங்கிற்கும் மேல். லுப்தகன் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் அருகே இருக்கிறான்; அகத்தியர் சுமார் 310 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறார். குறுமுனி என்று நாம் அழைக்கும் அவர், வானிலும் சிறிதாகத் தோன்றி உண்மையில் பெரிதாக விளங்குகிறார்.

‘லுப்தகன்’ என்றால் வேடன்; பேராசைக்காரன் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. கடோபநிஷதத்தில் யமதர்மன் நசிகேதனுக்குப் பிரேயஸ், சிரேயஸ் என்ற இரண்டை விளக்குகிறான். பிரேயஸ் இப்போது இன்பம் தருவது; சிரேயஸ் உண்மையான நன்மை தருவது. இரண்டும் மனிதனை நாடி வருகின்றன; விவேகி ஆராய்ந்து சிரேயஸைத் தேர்கிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லுப்தகனின் ஒளி பொய்யன்று. அண்மையைப் பெருமை என்று கொள்வதே நமது மயக்கம். இன்று கிடைத்த பாராட்டு, இன்று கேட்ட கடுஞ்சொல், இன்று வந்த லாபம் ஆகியவை அருகில் இருப்பதால் மனம் முழுவதையும் நிறைத்துவிடுகின்றன. தவமும் தொண்டும் சத்தியமும் எங்கோ தொலைவில் மங்கலாகத் தெரிகின்றன. பல குடும்பங்களில் சகோதரர்கள் பிரிவதும், நல்ல சாதகர்கள் பாதையை விடுவதும் இந்த ஒரு மயக்கத்தால்தான்.

எனவே இம்மாதம் உறங்கச் செல்லுமுன் சில நிமிடங்கள் இவ்விரு நட்சத்திரங்களையும் மாறி மாறிப் பாருங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: ‘இன்று எனக்குப் பெரிதாகத் தோன்றியது உண்மையிலேயே பெரிதா, அல்லது அருகில் மட்டும் இருந்ததா?’ இந்த விசாரமே விவேகத்தின் முதற்படி.