இரசாயனக் கணக்கும் பதம் பிரித்தலும்

செய்யுளைப் பதம் பிரியாது பொருள் கூறப் புகுவோர் இடர்ப்படுவர். கிராமை மோலாக மாற்றாது இரசாயனக் கணக்கினுட் புகுவோரும் அத்தகையரே. 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் பிராணவாயுவும் கூடின் எத்துணை நீர் உண்டாம்? 74 கிராம் என விடையெழுதி நாமும் முன்பு செங்கோடு பெற்றோம்.

முறை இதுவாம்: எடையை மூலக்கூற்றெடையால் வகுக்க. ஹைட்ரஜனுக்கு அது 2. ஆதலின் 5 மோல். பிராணவாயுவுக்கு 32, ஆதலின் 2 மோல். பிராணவாயு ஒரு மோலுக்கு ஹைட்ரஜன் இரண்டு மோல் வேண்டும். எனவே, எடையின் மிக்க பிராணவாயுவே முன்னர்த் தீரும். விளையும் நீர் 4 மோல். மோலொன்று 18 கிராமாக, 72 கிராம். எஞ்சும் ஹைட்ரஜன் 2 கிராம். இரண்டுங் கூடின் 74, ஒன்றும் அழிந்திலது.

எடை கண்டு மயங்காது எண்ணிக்கையை நாடுவோமாக.