பட்டனை அழுத்தினால் போதுமா? சிறிய விமானங்களும் அவசரச் செய்திக் கருவிகளும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

2015 ஜூன் 8 அன்று மாலை, கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூன்று அதிகாரிகளுடன் சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பியது. இரவு 9.23 மணிக்குத் திருச்சி ரேடாரில் அது கடைசியாகத் தெரிந்தது. அதன்பின் எந்தத் தகவலும் இல்லை. கடலூர், பிச்சாவரம் கரைக்கு அப்பால் உள்ள கடலைக் கடற்படைக் கப்பல்களும், கடலோரக் காவல்படைக் கப்பல்களும், ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் ஒரு மாதம் சலித்தன. ஜூலை 10 அன்றுதான், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், கறுப்புப் பெட்டி கிடைத்தது. மூவரில் ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை.

தேர்ந்த விமானிகளும் முழு வசதிகளும் கொண்ட ஒரு படைக்கே இந்த நிலை. அப்படியிருக்க, ஒற்றை இன்ஜின் செஸ்னாவில் பயிற்சி பெறும் மாணவர் எதை நம்பிப் பறக்கிறார்? அவருடைய பெற்றோர் எதை நம்பி வீட்டில் இருக்கிறார்கள்? அவர்கள் மனதில் இருக்கும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதில் பிழை நேர்ந்தால் போவது உயிர்.

நம்பிக்கை: விமானத்தில் ஜிபிஎஸ் இருக்கிறது. எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும்.

உண்மை: ஜிபிஎஸ் கருவி கேட்கும், பேசாது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை வாங்கித் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த இடத்தை வெளியே சொல்ல வேறொரு கருவி வேண்டும். விமானிக்குத் தான் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்திருக்கலாம். தரையில் இருப்பவருக்கு அது தெரியாத வரை தேடுதலுக்கு ஒரு பயனும் இல்லை.

நம்பிக்கை: ரேடார் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உண்மை: பூமி வளைந்திருக்கிறது, ரேடார் அலை ஏறத்தாழ நேராகத்தான் போகும். 1,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தைத் தரைமட்டத்தில் உள்ள ரேடார் சுமார் 70 கி.மீ. தூரம் வரைதான் பார்க்க முடியும். ஆன்டெனா உயரமான இடத்தில் இருந்தால் இன்னும் சற்றுக் கூடும். திருச்சியிலிருந்து சிதம்பரம் நேர்கோட்டில் 120 கி.மீ.க்கு மேல், கடல் அதற்கும் அப்பால். உயரத்தில் போகும் பயணிகள் விமானம் அந்தத் திரையில் தெரியும். தாழப் பறக்கும் சிறிய விமானம் தெரியாமல் போகலாம். செல்போனில் விமானங்களைக் காட்டும் செயலிகளும் இப்படித்தான். அவை பெரும்பாலும் தரையில் உள்ள ஏற்பிகளைச் சார்ந்தவை. உயரம் குறையக் குறைய விமானம் அவற்றின் பார்வையிலிருந்து நழுவிவிடும்.

நம்பிக்கை: கறுப்புப் பெட்டி இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

உண்மை: அது செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்பாது. அதனோடு பொருத்தப்பட்ட ஒலிக்கருவி தண்ணீரில் நனைந்ததும் 37.5 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். சில கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்த கப்பலின் சோனாருக்குத்தான் அது கேட்கும். பழைய கருவிகளின் பேட்டரி 30 நாள் தாங்கும். 2009இல் ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக்கில் விழுந்த பிறகு இது 90 நாளாக உயர்த்தப்பட்டது. 2015இல் தேடியவர்களைக் கடலூர் கடலில் வழிநடத்தியது விட்டு விட்டுக் கேட்ட அந்த ஒலிதான்.

அந்த ஒலியும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த ஆண்டே பார்த்தோம். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் போன விமானப்படையின் ஏஎன்-32இல் கடலடி ஒலிக்கருவி இல்லை. அதன் சிதைவுகள் 2024 ஜனவரியில்தான் கண்டறியப்பட்டன. சென்னையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி அவற்றைப் படம்பிடித்தது. ஏழரை ஆண்டுகள் 29 குடும்பங்கள் காத்திருந்தன. சிறிய பயிற்சி விமானங்கள் பலவற்றில் கறுப்புப் பெட்டியே கிடையாது.

நம்பிக்கை: இஎல்டி இருக்கிறது. விழுந்ததும் அதுவே கூப்பிட்டுவிடும்.

உண்மை: இஎல்டி என்பது விமானத்தோடு பொருத்தப்பட்ட அவசர ஒலிபரப்புக் கருவி. மோதலின் அதிர்ச்சியில் தானாக இயங்கி, 406 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை அரை நொடிச் செய்தி அனுப்பும். அதைக் கேட்பது காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பு. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறிய விமானத்தில் இருந்த மூவரைக் காப்பாற்றியதுதான் அந்த அமைப்பின் முதல் மீட்பு. இந்தக் கருவிகள் உலகமெங்கும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன; அவற்றை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஆனால் அதன் பலவீனமும் விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மோதலில் ஆன்டெனா ஒடியலாம், கம்பி அறுந்து போகலாம், தீ பிடிக்கலாம். தண்ணீருக்கடியில் ரேடியோ அலை செல்லாது. பழைய தலைமுறைக் கருவிகள் பலவற்றில் முதல் 406 செய்தி கிளம்பவே ஏறத்தாழ 50 நொடி ஆகும். அதற்குள் விமானம் மூழ்கிவிட்டால் செய்தியும் அதோடு மூழ்கிவிடும். 2024 ஆகஸ்ட் 20 அன்று ஜாம்ஷெட்பூரிலிருந்து கிளம்பிய செஸ்னா 152 பயிற்சி விமானம் காணாமல் போனது. அது சாண்டில் அணையில் விழுந்ததைப் பார்த்ததாக ஊர்க்காரர்கள் சொன்ன பிறகே தேடல் அணைக்குத் திரும்பியது. பயிற்றுநர், மாணவர் இருவரின் உடல்களும் 22ஆம் தேதி கிடைத்தன.

இன்னொன்று: 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிக்கும் பழைய கருவியைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. பக்கத்தில் பறக்கும் விமானம் கேட்டால் உண்டு. உங்கள் விமானத்தில் இருப்பது எது என்று ஏறுமுன் கேளுங்கள். காக்பிட்டில் இஎல்டியைக் கையால் இயக்கும் சுவிட்ச் எங்கே என்றும் கேளுங்கள். இன்ஜின் நின்று தண்ணீரில்தான் இறங்கியாக வேண்டும் என்று தெரிந்ததும், ரேடியோவில் ‘மேடே’ என்று அபாய அழைப்பு விடுத்து, டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700 வைத்து, மேலே இருக்கும்போதே அந்த சுவிட்சைப் போட்டுவிட வேண்டும். மோதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நம்பிக்கை: பிஎல்பி, சாட்டிலைட் மெசேஞ்சர் எல்லாம் ஒன்றுதான். ஏதாவது ஒன்று பையில் இருந்தால் போதும்.

உண்மை: இரண்டும் வேறு வேலை செய்பவை. பிஎல்பி ஆளோடு இருக்கும் கையடக்க 406 கருவி. மூடியைத் திறந்து, ஆன்டெனாவை முழுக்க நிமிர்த்தி, பட்டனை அழுத்திப் பிடித்து, வானம் தெரியும்படி வைக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் ஒலிக்கும். மாதக் கட்டணம் இல்லை. ஆனால் நீங்கள் உணர்வோடு இருந்து அழுத்தினால்தான் அது இயங்கும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே நின்று அழுத்தினால் சிக்னல் தடுமாறும். திறந்த நீர்ப்பரப்புக்கு நகர வேண்டும். இருக்க வேண்டிய இடமும் பை அல்ல. பின்சீட்டுப் பையில் உள்ள பிஎல்பி விமானத்தோடு மூழ்கும். லைஃப் ஜாக்கெட்டில் கட்டியது உங்களோடு மிதக்கும்.

மெசேஞ்சரின் பலம் வேறு. பறக்கும்போதே சில நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்பிக்கொண்டே போகும். விழுந்த பிறகு அது பிழைக்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசிப் புள்ளி ஏற்கெனவே தரைக்கு வந்து சேர்ந்திருக்கும். இதன் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 நாட் வேகம் என்றால் மணிக்கு 185 கி.மீ. பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வந்தால், கடைசிப் புள்ளியைச் சுற்றி 31 கி.மீ. ஆரத்தில் தேட வேண்டும்: சுமார் 3,000 சதுர கி.மீ. கடலூர் மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் 3,700. இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் அது 120 சதுர கி.மீ.யாகச் சுருங்கும். புள்ளியே இல்லாமல் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். தமிழ்நாடே 1,30,000 சதுர கி.மீ.தான். தண்ணீரில் மிதப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் உயிர்.

நம்பிக்கை: செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

உண்மை: கடலூர் துறைமுகத்திலிருந்து தொழிலுக்குப் போகும் எந்த மீனவரைக் கேட்டாலும், கரை மறைந்து சற்று நேரத்தில் டவர் போய்விடும் என்பார். செல்போன் கோபுரங்கள் தரையில் உள்ளவர்களுக்காகத் திருப்பி வைக்கப்பட்டவை. வானத்தில் உள்ளவர்களுக்கு அவை உத்தரவாதம் தராது.

நம்பிக்கை: வெளிநாட்டில் வாங்கி வந்து வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

உண்மை: கேட்பார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். துராயா, இரிடியம் போன்களுக்குத் தடை உண்டு. பல நாட்டு விமானிகள் பயன்படுத்தும் கார்மின் இன்ரீச் இயங்குவதும் இரிடியத்தில்தான். 2024 டிசம்பரில் கோவாவில் கார்மின் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். பாதுகாப்புக் காரணங்களால் வந்த சட்டம் இது, மீறச் சொல்லவில்லை. மாற்று வழி வேண்டும் என்கிறேன்.

அந்த வழி நம் கடலிலேயே இருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய டேட் என்ற அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் மீன்பிடிப் படகுகளில் இருக்கிறது. முதல் தலைமுறைக் கருவி செய்தியை அனுப்பும். கிடைத்ததா இல்லையா என்று கடலில் தத்தளிப்பவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி வந்து சேர்ந்தது என்று படகுக்கே பதில் அனுப்புகிறது. தமிழக விசைப்படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டரில் செல்போனை ப்ளூடூத்தில் இணைத்துத் தம் மொழியில் செய்தி பரிமாறலாம். மீனவருக்குச் சட்டப்படி கிடைக்கும் இந்த இருவழித் தொடர்பு, அவர் தலைக்கு மேலே பறக்கும் பயிற்சி மாணவருக்கும் கிடைக்க வேண்டும்.

நம்பிக்கை: சிக்னல் போய்விட்டால் மீட்பு தானாக நடக்கும்.

உண்மை: நடத்துபவர்கள் மனிதர்கள். 406 செய்தியைச் செயற்கைக்கோளிடமிருந்து தரைநிலையங்கள் வாங்கி, பெங்களூருவில் இஸ்ரோ நடத்தும் இந்திய மிஷன் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொடுக்கும். அங்கிருந்து விமான நிலைய ஆணையத்தின் சென்னை மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கும், கடல் என்றால் கடலோரக் காவல்படைக்கும் தகவல் போகும். உலகெங்கும் இத்தகைய எச்சரிக்கைகளில் பெரும்பகுதி தவறுதலாகக் கிளம்புபவை. ஆகவே அதிகாரி முதலில் செய்வது, கருவியின் பதிவில் உள்ள தொலைபேசி எண்ணை அழைப்பது. விற்றுவிட்ட பழைய உரிமையாளரின் எண் அங்கே இருந்தால், விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாகும்.

ஆகவே பயிற்சிப் பள்ளிகள் மூன்றைச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு 406 கருவியையும் பெங்களூரு மையத்தில் பதிந்து, விமானம் கைமாறும்போதும் எண் மாறும்போதும் பதிவைத் திருத்த வேண்டும். கடல்மேல் போகும் ஒவ்வொருவருக்கும் பிஎல்பி கட்டிய லைஃப் ஜாக்கெட் கொடுக்க வேண்டும். விமானம் திரும்பும் வரை, எந்த நேரம் தாண்டினால் யாரை அழைப்பது என்று தெரிந்த ஒருவர் தரையில் விழித்திருக்க வேண்டும். கடல் மீட்புக்குக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. அது அவர் மேசைமேல் எழுதி ஒட்டப்பட்டிருக்கட்டும். அரசு செய்ய வேண்டியது ஒன்று: படகுக்குத் தந்த இருவழிக் கருவியை, தக்க மாற்றங்களோடு, சிறிய விமானத்துக்கும் தருவது. பிள்ளையைப் பறக்க அனுப்பும் பெற்றோர், கட்டணம் கட்டும் முன் பள்ளி செய்ய வேண்டிய அந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் சேர்க்காதீர்கள்.