முட்டை மூழ்குதா, மிதக்குதா?

பினாங்கு மாக் மண்டின் வெக்கையில் ஒரு தட்டு முட்டையை வெளியே வைத்துவிட்டு, வாங்கிய நாள் மறந்துபோச்சா? குண்டானில் பச்சைத் தண்ணீர் பிடித்து, இன்றைக்குச் சமைக்கப்போவதை மட்டும் இறக்குங்கள். நனைந்த முட்டை அதிக நாள் தாங்காது.

புதுசு அடியில் படுத்துக்கொள்ளும். நாள்பட்டது மொட்டைப் பக்கத்தைத் தூக்கி நிற்கும். ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் வெளியேறி, காற்றறை பெருத்திருக்கும். பருமன் அதேதான், எடை குறைவு, அதனால் அடர்த்தியும் குறைவு. மிதந்தால் பழசு. தனிக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பாருங்கள்.

உப்புத் தண்ணீர் வேண்டாம். லிட்டருக்கு 150 கிராம் உப்பு போட்டால் புது முட்டையே மிதக்கும். (பினாங்குக் கடல்நீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு உப்பு அதில் இல்லை.)