வீட்டிலேயே தொழில் தொடங்கப்போகும் பெண்களுக்கு

பாலக்காடு பக்கம் எலப்புள்ளியிலும் சுற்று வட்டாரத்திலும் தையல், பலகாரம், ஊறுகாய் என்று ஏதாவது ஒன்றை வீட்டிலிருந்தே தொடங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

1. உன் கைக்கு எது நன்றாக வரும் என்பதை நீயே முடிவு செய்யாதே, கண்ணு. அக்கம்பக்கம் முடிவு செய்யட்டும். கல்யாணம், காதுகுத்து என்றால் எதற்காக உன்னைத் தேடி வருகிறார்கள்? ஜாக்கெட் தைக்கவா, முறுக்கு சுற்றவா, மாங்காய் ஊறுகாய் போடவா? அதிலிருந்தே தொடங்கு. யூடியூபில் யாரோ மெழுகுவர்த்தி செய்து சம்பாதிக்கிறாள் என்று அச்சு வாங்கிப் போட வேண்டாம்.

2. சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்று முதலில் பார். இதற்குப் பாடம் படிக்க வெளியூர் போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே ராமசேரி இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் முதலியார் நெசவுக் குடும்பங்கள் அங்கே குடியேறின. தறி வருமானம் போதாதபோது பெண்கள் இட்லி அவித்து விற்றார்கள். அவர்கள் அவிக்கும் விதம் தனி. தண்ணீர் கொதிக்கும் மண்பானையின் வாயில் நூல் வலை கட்டிய வளையத்தை வைப்பார்கள். அதன்மேல் துணி விரித்து, துணியில் மாவை ஊற்றி, இன்னொரு பானையைக் கவிழ்த்து மூடுவார்கள். புளிய விறகுதான் எரிய வேண்டும் என்பார்கள். இட்லி தோசை மாதிரி தட்டையாக, ஆனால் மெத்தென்று வரும். தொட்டுக்கொள்ளத் தேங்காயெண்ணெயில் குழைத்த பொடி. அந்த இட்லி ஒன்றிரண்டு நாளானாலும் கெடாது. அதனால்தான் கூடையில் வைத்துத் தலைச்சுமையாக வெளியூர்களுக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது. கெடாமல் இருக்கும் நாளைப் பொறுத்துத்தான் விற்கும் தூரம் அமையும்.

நீயும் உன் பலகாரத்தை டப்பாவில் போட்டு வைத்துத் தினமும் ஒன்றை எடுத்துத் தின்று பார். அதிலும் நம் ஊரில் பருவம் பார்த்துச் சோதிக்க வேண்டும். கணவாய்க் காற்று அடிக்கும் மார்கழி, தையில் மொறுமொறுவென்று காயும் வடாம், ஆனி, ஆடி மழையில் காயவே காயாது. ஆடியில் விற்க வேண்டியதைக் கோடையிலேயே காய வைத்துக் கட்டி வை.

3. உன் கூலியைக் கணக்கில் எழுது. நம் பெண்கள் ஏமாறுவது இங்கேதான், இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாவற்றையும் எழுதுவார்கள். விடியற்காலை எழுந்து முதுகு வலிக்க உட்கார்ந்த நேரத்தை மட்டும் எழுத மாட்டார்கள். மூன்று கிலோ முறுக்குக்கு நாலு மணி நேரம் ஆகிறது என்று வை. மணிக்கு 75 ரூபாய் என்றால் 300 ரூபாய். அப்படியானால் கிலோவுக்கு 100 ரூபாய் உன் கூலி மட்டும். அதைச் சேர்க்காமல் விலை சொன்னால் உனக்கு லாபம் வந்ததாகத் தோன்றும், உண்மையில் நீ ஊருக்கு இலவசமாக வேலை செய்திருப்பாய். “வீட்டில் செய்ததுதானே, குறைத்துக் கொடு” என்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல். கூச்சப்படாதே.

4. ஒரே தரம்தான். 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். முதலில் நல்லது ஒன்று, விலை குறைந்தது ஒன்று என்று இரண்டு தரம் போட்டார்கள். சகன்லால் பாரேக் என்ற பெரியவர் ஒரே தரமாகச் செய்யுங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று சொல்லித் திருத்தினார். எண்ணெய் விலை ஏறினால் நீயும் விலையை ஏற்று, எண்ணெயை மாற்றாதே.

5. காகித வேலை. சாப்பிடும் பொருள் விற்றால், வீட்டிலிருந்தே விற்றாலும், உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். பதிவு எண்ணையும் தயாரித்த தேதியையும் பாக்கெட்டில் போடு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் கிடையாது, தரகர் கேட்டால் கொடுக்காதே. கேரளத்தில் 1998 முதல் பெண்களுக்கான குடும்பஸ்ரீ திட்டம் இருக்கிறது. உன் வார்டில் அதன் பெண்கள் குழுவான அயல்கூட்டத்தில் சேர்ந்தால் பயிற்சி, கடன், சந்தை மூன்றுக்கும் வழி கேட்கலாம். மொழி தமிழ் என்று ஒதுங்கி நிற்காதே, அந்தக் கூட்டம் உனக்கும் உரியது.

6. சொந்தக்காரருக்கும் கடன் வேண்டாம். பாசத்துக்கு ஒரு பொட்டலம் சும்மா கொடு, பாக்கியாகக் கொடுக்காதே.

7. வேலையை ஒருத்தியே சுமக்காதே. ராமசேரியில் ஒரு காலத்தில் பல வீடுகளில் இட்லி அவித்தார்கள், இப்போது சில குடும்பங்கள்தான் செய்கின்றன. வேலை கடினம், அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. பேர் மட்டும் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. உனக்கும் தீபாவளி ஆர்டர் குவியும் நாள் வரும். அதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைச் சேர்த்து, உன் கைப்பக்குவத்தை ஒளிக்காமல் கற்றுக்கொடு. அவளுக்கும் மணிக்கணக்கில் கூலி எழுது.