அண்டை வீட்டு நாயோடு நம் நாய் பழகும் முறை

தோட்டத்து லயங்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டு நாய் குரைத்தால் வரிசை முழுவதும் விழித்துக்கொள்ளும். இரண்டு நாய்கள் கடித்துக்கொண்டாலோ, அவற்றின் சண்டை அன்றே அடங்கிவிடும். வளர்ப்போரின் சண்டை அடங்கப் பல மாதங்கள் ஆகும். ஆதலால், மாலையில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உலாவச் செல்லும் மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் அறிய வேண்டிய செய்தியொன்றை இங்கு எழுதுகிறேன்.

நாம் ஒருவரைச் சந்திக்கும்போது நேரே சென்று முகம் பார்த்து வணக்கம் கூறுகிறோம். அதுவே மரியாதை. நாய்களிடையே அது மரியாதை அன்று. நேருக்கு நேர் வருவதையும் கண்ணை விலக்காமல் உற்று நோக்குவதையும் நாய் மிரட்டலாகவே கொள்ளும். கட்டில்லாத இரு நாய்கள் சந்திக்க நேர்ந்தால், வளைந்து பக்கவாட்டில் நெருங்கி, ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று முகர்ந்து பார்க்கும். நாம் முகம் சுளிக்கிறோம். அவற்றுக்கோ அதுவே வணக்கம். ஆணா பெண்ணா, முன்பே அறிந்த நாயா என்பனவற்றையெல்லாம் நாய் மூக்கினாலேயே தெரிந்துகொள்கிறது.

கயிற்றால் இடையூறு நேர்வது இங்கேதான். எதிரே நாயைக் கண்டதும் நாம் அஞ்சிக் கயிற்றை இறுக்குகிறோம். கழுத்து இறுகிய நாயால் வளைந்து செல்லவும் இயலாது, விலகிப் போகவும் இயலாது. மார்பு நிமிர்ந்து நிற்கும் அதன் தோற்றமே மற்ற நாய்க்குச் சண்டைக்கு அழைப்பது போல் தோன்றும். அவிழ்த்துவிட்டால் சாதுவாக இருக்கும் நாய், கட்டியிருக்கும்போது சீறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே, முதல் சந்திப்பை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாகாது. வாசலும் சோற்றுத் தட்டும் நாய் காவல் காக்கும் உடைமைகள். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையோ பந்து விளையாடும் திடலோ ஏற்றது. அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, இருவரும் ஒரே திசையில், சாலையின் இருபுறமுமாக, கயிற்றைத் தொய்வாக விட்டு நடக்க வேண்டும். நாய்கள் ஒன்றையொன்று பார்ப்பதை விட்டுத் தரையை மோப்பம் பிடிக்கத் தொடங்கினால், இடைவெளியைச் சிறிது குறைக்கலாம். இதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். பின்னர் முகரவிட்டு, மனத்துள் மூன்று வரை எண்ணியதும் பெயர் சொல்லி அழைத்து நடையைத் தொடர வேண்டும். இழுத்தல் கூடாது.

வாலாட்டினால் நட்பு என்பது பாதி உண்மையே. உடல் நெளிய, வால் தளர்ந்து வீசினால் நட்பு. வால் விறைத்து உயர்ந்து, நுனி மட்டும் துடித்தால் உடனே விலகுக. 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கம் மிகுதியாகவும், அடக்கியாளும் இயல்புடைய அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் மிகுதியாகவும் வீசுவதை அளந்து காட்டினர். உறக்கமின்றிக் கொட்டாவி விடுவதும், உணவின்றி உதட்டை நக்குவதும் மனக் கலக்கத்தைக் காட்டலாம். முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தை உயர்த்தினால், அது விளையாட அழைக்கிறது.

இடையே ஒன்று: வழியில் மலாய் அண்டை வீட்டார் எதிர்ப்பட்டால், கயிற்றைக் குறுக்கி ஓரம் ஒதுங்குக. நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி தூய்மை செய்துகொள்ள வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

சந்திப்புக்கு முன் இரு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருத்தல் நலம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் அந்நோய் தோன்றியது; சரவாக்கில் உயிர்களும் பறிபோயின. நாய்கள் கடித்துக்கொண்டால் சிறுவர் இடையில் கை நீட்டலாகாது. பெரியோரை அழைக்க வேண்டும். வாளித் தண்ணீரை மேலே ஊற்றினால் அவை பெரும்பாலும் பிரிந்துவிடும். எவருக்கேனும் பல் பட்டுவிட்டால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.